கடிகாரம் இல்லாத காணொளி: இமயமலைக்கு மேல் 105 ஸ்ப்ரைட்டுகள்

2022 மே 19 இரவு. திபெத் பீடபூமியின் தெற்கு ஓரத்தில், பூமா யும்ட்சோ ஏரிப் பகுதியில் இரண்டு வானப் புகைப்படக்காரர்கள் கேமராவைத் தெற்கே திருப்பி வைத்திருந்தார்கள். ஆராய்ச்சி அவர்கள் தொழில் அல்ல, ஆர்வம் மட்டுமே. இமயமலைக்கு அப்பால் குமுறிக்கொண்டிருந்த இடிமேகக் கூட்டத்துக்கு மேலே, அந்த ஓர் இரவில் ‘ஸ்ப்ரைட்’ எனப்படும் 105 சிவப்பு ஒளிவீச்சுகள் அவர்களுடைய காணொளியில் விழுந்தன. தெற்காசியாவில் ஒரே இடிமழையின்போது இவ்வளவு பதிவானது அதற்கு முன் இல்லை.

படம் அபாரம். ஆனால் ஒவ்வொரு ஒளிவீச்சும் எந்த வினாடியில் நிகழ்ந்தது என்று துல்லியமாகச் சொல்லும் தகவல் அதில் இல்லை. அந்தக் குறை எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பதற்காகத்தான் இந்த நிகழ்வை எழுதி வைக்கிறேன்.

பின்னணி

இடி நம் பேச்சில் விழும், மின்னல் இறங்கும், தென்னை கருகும். எல்லாம் கீழ்நோக்கித்தான். மேகத்துக்கு மேலே அதே மின்னல் என்ன செய்கிறது என்று கேட்க நமக்குக் காரணம் இருந்ததில்லை. விஞ்ஞானிகளும் வெகுகாலம் அதைப் பெரிதாகக் கேட்கவில்லை. மேகத்துக்கு மேல் ஏதோ பளிச்சிட்டதாக விமானிகள் அவ்வப்போது சொன்னதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. சி.டி.ஆர். வில்சன் மட்டும் 1920களிலேயே, பெரிய மின்னல் ஒன்று இறங்கினால் மேகத்துக்கு வெகு உயரே காற்று மின்முறிவு அடையக்கூடும், அதாவது மின்சாரம் அதன் வழியே பாயக்கூடும் என்று கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். முகிலறைக் கருவிக்காக நோபல் பரிசு பெற்ற அதே வில்சன்தான்.

முதல் படம் கிடைத்தது தற்செயலாக. 1989 ஜூலை 6 அன்று, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு ராக்கெட் சோதனைக்காக வைத்திருந்த, மங்கலான ஒளியையும் பிடிக்கும் தொலைக்காட்சிக் கேமராவைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொலைவில் இருந்த ஒரு புயலுக்கு மேலே இரண்டு ஒளித்தூண்கள் நாடாவில் பதிந்திருந்தன. பிறகு விண்வெளி ஓடங்கள் எடுத்த பழைய நாடாக்களைப் புரட்டினால் அவற்றிலும் இருந்தன. 1990களில் அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் சென்ட்மன் அதற்கு ‘ஸ்ப்ரைட்’ என்று பெயர் வைத்தார். கண்ணில் பட்டதும் மறைந்துவிடும் குறும்புத் தேவதை என்று பொருள். நம் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் பச்சை பாட்டில்தான் நினைவுக்கு வரும். வேறு நல்ல சொல் நிலைபெறும்வரை இதையே வைத்துக்கொள்கிறேன்.

இனி அது உண்டாகும் விதம். மேகத்திலிருந்து தரைக்கு வரும் மின்னல்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது எதிர்மின்னேற்றத்தைக் கொண்டு வருபவை. மீதிச் சிறுபான்மை நேர்மின்னேற்றத்தை இறக்குபவை. பெரிய புயல் ஒன்றில், கொட்டும் மழைப் பகுதிக்குப் பின்னால் அகன்று பரந்த ஒரு மேகத்தட்டு இருக்கும். அதன் அடியில் மழை நிதானமாகப் பெய்துகொண்டிருக்கும். அந்தத் தட்டில் பல நூறு சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருக்கும் நேர்மின்னேற்றம் ஒரே மின்னலில் தரைக்கு வடிந்தால், மேகத்துக்கு மேலுள்ள மின்புலம் ஒரு கணத்தில் மாறிப்போகும். உயரே போகப்போக அந்த மின்புலம் வலுவிழக்கத்தான் செய்கிறது. ஆனால் காற்று அதைவிட வேகமாக மெலிகிறது. 75 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய காற்றை உடைக்கச் சின்ன மின்புலமே போதும். அங்கே நைட்ரஜன் சிவப்பாக ஒளிர்கிறது. ஒளி மேலே 90 கி.மீ. வரை ஏறும், விழுதுபோலக் கீழே 40, 50 கி.மீ. வரை இறங்கும். சில கேரட் வடிவில் இருக்கும். சில, கடற்கரைக்காரர்கள் ‘சொறி’ என்று சொல்லும் ஜெல்லிமீன்போல, குடை விரித்து நூல் தொங்கவிட்டபடி இருக்கும்.

ஆயுள் சில மில்லிவினாடி. நீண்டால் சில பத்து மில்லிவினாடி. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதால், பார்த்தவர்கள்கூட ‘ஏதோ மங்கலாக அசைந்தது’ என்பதற்கு மேல் சொல்ல மாட்டார்கள். இங்கே கேமராதான் சாட்சி.

இடமும் இரவும்

ஸ்ப்ரைட்டைப் பார்க்க வேண்டுமென்றால் புயலை விட்டு விலகி நிற்க வேண்டும். அடியில் நின்றால் மேகமே வானத்தை மூடிவிடும். 100 முதல் 400 கி.மீ. வரை தள்ளி நிற்பது வழக்கம்.

பூமா யும்ட்சோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். மூச்சு வாங்கும், ஆனால் வானம் துலக்கமாக இருக்கும். ஏரிக்குத் தெற்கே பூடான் எல்லையை ஒட்டி 7,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள் நிற்கின்றன. இவை மறைக்காதா என்ற சந்தேகம் எனக்கு முதலில் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 கி.மீ. தள்ளி இருக்கும் 7,500 மீட்டர் சிகரம் அங்கிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் மூன்று டிகிரிக்குள் அடங்கிவிடும். 300 கி.மீ. தொலைவில் 16 கி.மீ. உயரம் எழுந்த இடிமேகத்தின் உச்சி, பூமியின் வளைவைக் கழித்தால், ஒரு டிகிரிகூட எழாது. அதே 300 கி.மீ. தொலைவில் 50 முதல் 80 கி.மீ. உயரத்தில் நிற்கும் ஸ்ப்ரைட் 7 டிகிரியில் தொடங்கி 13 டிகிரிக்கு அருகில் முடியும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. ஆகவே புயல் மலைக்குப் பின்னால் மறைந்திருந்தாலும், ஸ்ப்ரைட் பனிச்சிகரங்களுக்கு மேலே திறந்த வானத்தில் நிற்கும். இதைவிட நல்ல மேடை அமைவது கடினம்.

மே மாதம் என்பதும் முக்கியம். பருவமழைக்கு முந்தைய வாரங்களில் வங்காள விரிகுடாவின் ஈரக்காற்று கங்கைச் சமவெளிக்குள் புகும், மேலே வடமேற்கிலிருந்து உலர்காற்று ஓடும். வங்காளத்தில் காலபைசாகி என்று பெயர் பெற்ற கொடும் இடிமழைகள் இந்தப் பருவத்தில்தான் வருகின்றன. அன்றைய மேகக் கூட்டம் கங்கைச் சமவெளியிலிருந்து பீடபூமியின் தெற்கு அடிவாரம்வரை பரவியிருந்தது. பரப்பு 2,00,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000. ஒன்றரைத் தமிழ்நாட்டை ஒரே மேகம் மூடியதாக வைத்துக்கொள்ளலாம்.

நிலவும் பெரிதாகக் கெடுக்கவில்லை. பௌர்ணமி மே 16ஆம் தேதி, சந்திர கிரகணத்தோடு முடிந்திருந்தது. மூன்று நாள் கழிந்த தேய்பிறை நிலா தாமதமாகத்தான் எழும், முன்னிரவு இருட்டாக இருக்கும்.

பதிவானவை

105 சிவப்பு ஸ்ப்ரைட்டுகள் போக, இரண்டு அரிய வகைகளும் அந்தக் காணொளியில் இருந்தன. ஒன்று, இரண்டாம்நிலை ஜெட். ஸ்ப்ரைட் மின்னி அடங்கியதும் மேகத்தின் உச்சியிலிருந்து மேல்நோக்கிப் பீறிடும் ஒளி இது. ஆறு பதிவாகியிருந்தன. ஸ்ப்ரைட் மேலிருந்து கீழே விழுது விட, இது கீழிருந்து மேலே எழுகிறது.

மற்றது பச்சை. ஸ்ப்ரைட்டின் உச்சியில், இரவுநேர அயனிமண்டலத்தின் (மின்னேற்றம் பெற்ற காற்று இருக்கும் மேலடுக்கு) அடித்தளத்தை ஒட்டி, சிவப்பு மறைந்த பின்னும் சற்று நேரம் தங்கி நிற்கும் மங்கலான பச்சை ஒளி. ‘கோஸ்ட்’ என்று பெயர், அதாவது பேய். குறைந்தது நான்கு பதிவாகியிருந்தன, ஆசியாவில் அதுவே முதல்முறை. பெயர் வைத்த காலத்தில் இந்தப் பச்சைக்கு ஆக்சிஜன்தான் காரணம் என்று நினைத்தார்கள். ஸ்பெயின் ஆய்வாளர்கள் அதன் நிறமாலையைப் பிரித்துப் பார்த்து 2023இல் வெளியிட்டபோது, இரும்பும் நிக்கலும் அதில் தெரிந்தன. எரிந்துபோன விண்கற்கள் மேலே விட்டுச்சென்ற உலோகத் தூசி அது. கீழே மாட்டுக் கொட்டகையை நனைக்கும் அதே மழைமேகம், 90 கி.மீ. உயரத்தில் விண்கல் சாம்பலை ஒளிர வைக்கிறது என்பதை முதலில் படித்தபோது நான் இரண்டாம் முறை படித்தேன்.

இந்திய நிலப்பகுதிக்கு மேல் ஸ்ப்ரைட் பதிவானது இது முதல்முறை அல்ல, அலகாபாத்திலிருந்து முன்பே எடுத்திருக்கிறார்கள். இங்கே புதிது எண்ணிக்கையும் வகைகளும்.

சிக்கல்

காணொளி ஹெஃபெயில் உள்ள சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் போனது. அவர்களுக்கு வேண்டியது ஒன்றே: இந்த ஸ்ப்ரைட்டை உண்டாக்கிய மின்னல் எது?

மின்னல் இடங்காட்டும் வலையமைப்புகள் ஒவ்வொரு மின்னலும் எப்போது, எங்கே விழுந்தது என்பதை மில்லிவினாடிக்கும் நுணுக்கமாகக் குறித்து வைக்கின்றன. ஸ்ப்ரைட், தன் தாய்மின்னலுக்குப் பிறகு சில மில்லிவினாடி முதல் நூறு மில்லிவினாடி வரையிலான இடைவெளியில் தோன்றும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஜோடி சேர்த்துவிடலாம், இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடினால். இவ்வளவு பெரிய புயலில் மின்னல்கள் இடைவிடாமல் விழுந்துகொண்டிருக்கும். காணொளியின் நேரம் இரண்டு வினாடி பிசகினாலும் பிள்ளையை வேறொரு தாய் மடியில் போட்டுவிடுவோம்.

திசையை மட்டும் வைத்துப் பொருத்தலாமே என்று தோன்றும். முடியாது. ஸ்ப்ரைட் தன் மின்னலுக்கு நேர் மேலேதான் நிற்க வேண்டும் என்றில்லை. பக்கவாட்டில் சில பத்து கி.மீ. விலகியும் நிற்கும்.

கேமராக் கடிகாரம் எவ்வளவு பொய் சொல்லும்? இதை எழுத உட்கார்ந்தபோது என் கேமராவை எடுத்துக் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டேன். 1 நிமிடம் 50 வினாடி பின்னால் இருந்தது. வாங்கிய அன்று கட்டைவிரலால் அழுத்திச் சரிசெய்தது, அதற்குப் பிறகு தொடவே இல்லை. கல்யாண வீட்டில் படம் எடுக்க அது போதும். திபெத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. சீனா முழுவதும் ஒரே நேரம் என்பதால், அங்கே கடிகாரம் சூரியனைவிட இரண்டு மணி நேரம் முந்தி ஓடும். மின்னல் தரவோ கிரீன்விச் நேரக் கணக்கில் இருக்கும். மணிக்கணக்கைக் கழித்துக்கொள்ளலாம், வினாடிப் பிசகுதான் உயிரை எடுக்கும்.

எடுத்த முடிவு

ஆய்வாளர்கள் முன் எளிதான வழி ஒன்று இருந்தது. எண்ணிக்கையையும் வடிவங்களையும் மட்டும் வெளியிட்டுவிட்டு, தாய்மின்னலைப் பற்றிப் பேசாமல் விடலாம். அவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. காணொளிக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறதா என்று தேடினார்கள். இருந்தது. பின்னணியில் விண்மீன்கள் இருந்தன, அவற்றுக்கு நடுவே செயற்கைக்கோள்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

இது ஏன் வேலை செய்கிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் காட்டுகிறேன். எண்கள் என்னுடையவை, அவர்களுடைய கருவிகளுடையவை அல்ல. முழுச்சட்ட கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் போட்டு, 3,840 படப்புள்ளி அகலத்தில், வினாடிக்கு 25 பிரேம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பார்வை அகலம் சுமார் 74 டிகிரி. ஒரு டிகிரிக்கு 52 படப்புள்ளிகள்.

வானம் 24 மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றுவதாகத் தெரிகிறது, அதாவது மணிக்கு 15 டிகிரி. இந்த வேகத்தில் ஒரு விண்மீன் ஒரு படப்புள்ளி நகர ஏறக்குறைய ஐந்து வினாடி ஆகும். விண்மீனை வைத்து நேரம் பார்த்தால் தோராயமாகத்தான் கிடைக்கும், மணிமுள்ளைப் பார்த்து நிமிடம் சொல்வதுபோல. தாழ்வட்டப் பாதையில் போகும் செயற்கைக்கோளின் கதை வேறு. அது வினாடிக்குச் சுமார் 7.5 கி.மீ. ஓடுகிறது. தொலைவைப் பொறுத்து, வானத்தில் வினாடிக்கு அரை டிகிரி நகர்வதாக வைத்தால், நம் படத்தில் வினாடிக்கு 26 படப்புள்ளிகள். பிரேமுக்கு ஒரு படப்புள்ளி! அதுதான் வினாடிமுள்.

செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதைத் தரவு பொதுவில் கிடைக்கிறது. எந்தச் செயற்கைக்கோள், எந்த நேரத்தில், ஓர் இடத்திலிருந்து பார்த்தால் எந்த விண்மீனுக்கு அருகில் இருக்கும் என்று கணித்துவிடலாம். காணொளியை நிறுத்தி, பின்னணி விண்மீன்களை அடையாளம் கண்டு, அந்த வரைபடத்தின் மேல் செயற்கைக்கோள் நிற்கும் புள்ளியைக் குறித்தால், அந்தப் பிரேமின் நேரம் கைக்கு வரும். விண்மீன்கள் இன்னொரு வேலையும் செய்கின்றன. ஸ்ப்ரைட் எந்தத் திசையில், எத்தனை டிகிரி உயரத்தில் தோன்றியது என்பதை அவைதான் சொல்கின்றன.

முறைக்கு எல்லையும் உண்டு. பாதைத் தரவில் ஒரு கி.மீ. பிழை இருந்தால் நேரத்தில் 0.13 வினாடி பிழை வரும், ஏறத்தாழ மூன்று பிரேம். ஒரு செயற்கைக்கோளை மட்டும் நம்பாமல் பலவற்றை வைத்துப் பார்ப்பது இதனால்தான் நல்லது. கேமராக் கடிகாரம் எவ்வளவு பொய் சொன்னாலும், ஒரே இரவுக்குள் அந்தப் பொய்யின் அளவு பெரிதாக மாறாது. ஒருமுறை சரியான வித்தியாசம் கிடைத்துவிட்டால் காணொளி முழுவதையும் அதே அளவு நகர்த்திவிடலாம்.

தெரியவந்தது

நேரம் கிடைத்ததும் ஸ்ப்ரைட்டுகளில் பெரும்பகுதிக்குத் தாய்மின்னல் அகப்பட்டது. அவை தரைக்கு இறங்கிய நேர்மின்னேற்ற மின்னல்கள். பெரும்பாலானவற்றின் உச்ச மின்னோட்டம் 50 கிலோஆம்பியருக்கு மேல். சாதாரண மின்னலில் 30 கிலோஆம்பியர் அளவில் இருக்கும். அவை கொட்டும் மழையின் மையத்தில் விழவில்லை. நிதானமாக மழை பெய்யும் அந்த அகன்ற மேகத்தட்டிலிருந்து விழுந்தன. வில்சனின் கணக்கும், அமெரிக்கச் சமவெளியில் முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவந்ததும் சொன்னதுபோலவே நடந்திருந்தது.

ஆய்வு 2025இல் வெளியானது. கட்டுரையை மதிப்பிட்ட பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர், ஆர்வலர்களின் பதிவுகளுக்கு நேரம் குறிக்க இது நம்பகமான கருவியாகும் என்று பாராட்டினார். இமயமலைப் பகுதியின் இடிமழைகள் மேல்வளிமண்டல மின்வீச்சில் அமெரிக்கப் பெருஞ்சமவெளிப் புயல்களுக்கும் ஐரோப்பியக் கடலோரப் புயல்களுக்கும் இணையானவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இந்தக் கடைசிக் கருத்தில் எனக்குச் சிறு தயக்கம். ஒரு புயலால் எவ்வளவு முடியும் என்பதை அந்த இரவு காட்டியது, சரி. அது அடிக்கடி நடக்கிறதா, அன்று மட்டும் நடந்ததா என்பதை ஓர் இரவு சொல்லாது. 105 என்ற எண்ணில் புயலின் பங்கும் உண்டு, அன்றைக்கு அங்கே இருவர் கேமராவோடு விழித்திருந்ததன் பங்கும் உண்டு.

மறுமுறை என்றால்

முதலில் நேரம். பதிவு தொடங்கியதும் முடிவதற்கு முன்பும், ஜிபிஎஸ் நேரம் காட்டும் செயலி ஒன்றைக் கைபேசியில் திறந்து, அந்தத் திரையைப் பத்து வினாடி கேமராவுக்குக் காட்டினால் போதும். செலவே இல்லை. சிறுகோள்கள் விண்மீனை மறைப்பதைப் பதிவு செய்பவர்கள், காணொளியின் ஒவ்வொரு பிரேமிலும் ஜிபிஎஸ் நேரத்தைப் பொறிக்கும் சிறு கருவியை வைத்திருக்கிறார்கள். அதைப் பொருத்தினால் இன்னும் நல்லது.

அடுத்து, இரண்டாவது இடம். ஒரே இடத்திலிருந்து எடுத்த படத்தில் திசை கிடைக்கும், தொலைவு கிடைக்காது. தொலைவு இல்லாமல் உயரம் இல்லை. தாய்மின்னல் விழுந்த இடத்தை வைத்துத் தொலைவை ஊகிக்க வேண்டியிருக்கிறது, ஸ்ப்ரைட்டோ பக்கவாட்டில் விலகி நிற்கும் பழக்கம் உள்ளது. நூறு கி.மீ. தள்ளி இன்னொருவர் அதே புயலை எடுத்திருந்தால் முக்கோணம் போட்டு உயரத்தை நேரடியாக அளந்திருக்கலாம். பச்சை ஒளி எந்த உயரத்தில் இருந்தது என்று அறிய இதுவே சிறந்த வழி. அந்த உயரத்தில், அந்தக் குளிரில் இன்னொரு ஆளைத் தேடுவது எளிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது, மூலக் கோப்பு. சமூக ஊடகத்தில் ஏற்றிய காணொளி சுருங்கி, சில சமயம் பிரேம் வேகமும் மாறி வரும். மங்கலான விண்மீன்கள் அந்தச் சுருக்கத்தில் முதலில் காணாமல் போகும். அழகுக்காக ஓரங்களை வெட்டினால் செயற்கைக்கோள் வெட்டுப்பட்டுப் போகலாம். படம் எடுப்பவர் வழக்கமாக அழித்துவிட நினைக்கும் அந்த ஊரும் புள்ளிகள்தான் இங்கே கடிகாரமாக நின்றன.

என் கேமராவின் நேரத்தை அன்றே சரிசெய்துவிட்டேன். அது மாதத்துக்கு எத்தனை வினாடி பின்தங்குகிறது என்று இப்போது ஒரு நோட்டில் குறித்துவருகிறேன்.